வாயில் வரியும் வாக்குரிமையும்



மொழிக்கென அமைந்த ஒரு மன்றத்தின் மேடையில் வரியைப் பற்றியும் சட்டத்தைப் பற்றியும் பேசுவது பொருந்துமா என்று சிலர் ஐயுறக்கூடும். சட்டம் சொற்களால் ஆனது. ‘செய்யலாம்’ என்னும் சொல்லுக்கும் ‘செய்தல் வேண்டும்’ என்னும் சொல்லுக்கும் இடையே உள்ள வேறுபாட்டில் ஓர் ஊரின் உரிமை அடங்கியிருப்பதுண்டு. ‘தற்காலிகமாக’ என்னும் ஒரு சொல், நாம் கூடியிருக்கும் இந்தப் பினாங்கில், ஏறத்தாழ அறுபது ஆண்டுகளாக நீடித்து நிற்கிறது. அந்தச் சொல்லின் வரலாற்றையும், அதனால் நாம் இழந்ததையும், அதை மீட்பதற்குச் சட்டமே விட்டுவைத்திருக்கும் வழிகளையும் உங்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

மூன்று வரிகள், மூன்று அவைகள்

இந்த மாநிலத்தில் வாழும் ஒரு குடும்பம் பொதுவாக மூன்று நிலைகளில் வரி செலுத்துகிறது. வருமான வரியும் விற்பனை, சேவை வரிகளும் கூட்டரசு அரசாங்கத்துக்குப் போகின்றன. நிலவரி மாநில அரசின் நில அலுவலகத்துக்குப் போகிறது. வீட்டுக்கும் கடைக்கும் உரிய மதிப்பீட்டு வரி மாநகர் மன்றத்துக்குப் போகிறது. இந்த மூன்றாவது வரியை மலாய் மொழியில் மக்கள் ‘சுக்காய் பிந்து’ என்கின்றனர். கதவு வரி என்பது அதன் பொருள். நம் வாயிலைத் தேடி வரும் வரி இது என்பதால் நான் இதை வாயில் வரி என்று அழைக்கிறேன்.

கூட்டரசு வரியை விதிப்பது நாடாளுமன்றம். கூட்டரசுச் சட்டத்தின் அதிகாரமின்றிக் கூட்டரசின் பொருட்டு எவ்வரியும் விதிக்கலாகாது என்று அரசியலமைப்பின் 96-ஆம் பிரிவு கூறுகிறது. மசோதா என நாம் வழங்கும் சட்ட முன்வரைவு, 222 உறுப்பினர்களைக் கொண்ட மக்களவையில் மூன்று வாசிப்புகளைக் கடக்க வேண்டும். முதல் வாசிப்பில் தலைப்பு மட்டும் அறிவிக்கப்படும். இரண்டாம் வாசிப்பில் கொள்கை விவாதிக்கப்படும். தொடர்ந்து, குழுநிலையில் ஒவ்வொரு விதியாக ஆராயப்படும். மூன்றாம் வாசிப்பில் முழு வரைவும் வாக்கெடுப்புக்கு வரும். பின்னர் மேலவையைக் கடந்து, மாமன்னரின் இசைவு பெற்று, அரசிதழில் வெளியாகிச் சட்டமாகும். வரி விதிக்கும் மசோதாவை அமைச்சர் மட்டுமே கொண்டுவர முடியும். அதை மேலவையில் தொடங்கவும் முடியாது. மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுத்த அவையிலேயே வரிச் சட்டம் பிறக்க வேண்டும் என்பது இதன் உட்பொருள்.

மாநில அளவில் இத்தகைய பணியை லைட் தெருவில் உள்ள சட்டமன்றம் செய்கிறது. அது 40 உறுப்பினர்களைக் கொண்ட ஒற்றை அவை. அங்கும் வாக்காளர் அனுப்பியவர்களே அமர்ந்திருக்கின்றனர்.

மூன்றாம் நிலையான மாநகர் மன்றத்துக்கு வரும்பொழுது இந்தச் சங்கிலி அறுந்துவிடுகிறது. 1976-ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டத்தின்படி, மன்றத் தலைவரையும் 8 முதல் 24 வரையிலான உறுப்பினர்களையும் மாநில அரசே நியமிக்கிறது. அவர்களுள் பெரும்பான்மையோர் அவ்வூரில் வாழ்பவராய் இருத்தல் வேண்டும். ஊராட்சி அனுபவமோ, தொழிலில் சிறப்போ, தம் சமூகத்தைப் பிரதிநிதிக்கும் தகுதியோ உடையவர் என மாநில அரசு கருத வேண்டும். கருத வேண்டியவர் வாக்காளர் அல்லர் என்பதை மாணவர்கள் குறித்துக்கொள்க.

வாயில் வரி கணக்கிடப்படும் முறை

ஒரு வீட்டை ஆண்டு முழுதும் வாடகைக்கு விட்டால் நியாயமாக எவ்வளவு கிடைக்கும் என்று மதிப்பிடுவர். அதற்கு ஆண்டு மதிப்பு என்று பெயர். அதன்மீது நூற்றுக்கு இத்தனை என மன்றம் ஒரு விழுக்காட்டை, மாநில அரசின் ஒப்புதலுடன், நிர்ணயிக்கும். ஓர் எடுத்துக்காட்டாக, மாதம் 1,000 வெள்ளி வாடகை பெறத்தக்க வீட்டைக் கொள்வோம். அதன் ஆண்டு மதிப்பு 12,000 வெள்ளி. விழுக்காடு 8 என்று வைத்துக்கொண்டால் ஆண்டு வரி 960 வெள்ளி. அதைப் பிப்ரவரி இறுதிக்குள் 480, ஆகஸ்டு இறுதிக்குள் 480 என இரு தவணைகளில் செலுத்த வேண்டும். சட்டம் அனுமதிக்கும் உச்ச வரம்பு ஆண்டு மதிப்பில் 35 விழுக்காடு.

இவ்வரியில் இரண்டு எண்கள் உள்ளன: மதிப்பு, விழுக்காடு. விழுக்காடு மாறாமலிருந்தாலும் மதிப்பு உயர்ந்தால் வரி உயரும். மதிப்பீட்டுப் பட்டியலை ஐந்தாண்டுக்கு ஒருமுறையோ, மாநில அரசு நீட்டித்துத் தரும் காலத்துக்குள்ளோ புதிதாக ஆக்க வேண்டும் என்பது விதி. நீட்டிப்பு நெடுங்காலம் தொடர்ந்தால், புதிய பட்டியல் வரும் நாளில் ஏற்றம் ஒரே படியாக வந்து விழும். அந்த நாளில்தான் மக்கள் அதிர்ச்சியடைகின்றனர்.

அதிர்ச்சியடைந்தவர் செய்யக்கூடியது என்ன? சட்டத்தின் 142-ஆம் பிரிவு அதற்கு விடை தருகிறது. தம் வீட்டின் மதிப்பு மிகையாகக் கணிக்கப்பட்டது என்றோ, வரிக்கு உட்படாத சொத்து பட்டியலில் சேர்க்கப்பட்டது என்றோ, வேறொரு சொத்து உரிய மதிப்பைவிடக் குறைத்துக் கணிக்கப்பட்டது என்றோ ஒருவர் எழுத்துமூலம் ஆட்சேபிக்கலாம். பட்டியலைத் திருத்தக் குறித்த நாளுக்குக் குறைந்தது 14 நாள்களுக்கு முன் அக்கடிதம் சேர வேண்டும். முடிவில் மனநிறைவு இல்லையெனில் உயர் நீதிமன்றத்தை அணுகலாம்.

இந்த வழி மதிப்பைப் பற்றிய வழக்கைக் கேட்கும். வசூலான பணம் வடிகாலுக்குப் போகலாமா, வாகன நிறுத்துமிடத்துக்குப் போகலாமா என்னும் வழக்கை அது கேட்காது. அதைக் கேட்பதற்கு உலகெங்கும் மக்கள் கண்டறிந்த வழி வாக்குச்சீட்டு. ஜார்ஜ் டவுன் மக்களின் கையிலும் அது ஒரு காலத்தில் இருந்தது.

துறைமுகம் கற்றுத்தந்த பாடம்

அந்த வரலாற்றுக்குள் செல்லுமுன், தொலைவில் இருப்போர் எடுக்கும் வரி முடிவு ஓர் ஊரை எப்படி மாற்றும் என்பதை நம் துறைமுகத்தின் வழியாகக் காண்போம். 1786-இல் பிரான்சிஸ் லைட் இத்தீவில் குடியேற்றம் அமைத்தபொழுது சுங்க வரியற்ற துறைமுகமாக இதை நடத்தினார். கப்பல்கள் வந்தன, சோழமண்டலக் கரையிலிருந்து வணிகரும் படகோட்டிகளும் சுமை தூக்குவோரும் வந்தனர். சுங்க வருவாய் இல்லாத அரசு தன் செலவுக்கு அபின், சாராயம், சூது ஆகியவற்றின் குத்தகைகளை ஏலம் விட்டது. வரியே இல்லாத துறைமுகம் என்று புகழப்பட்ட ஊரில், உழைத்துக் களைத்த கூலியாளின் போதைப் பழக்கம் வரியாக மாறியது. வரி எங்கும் மறைவதில்லை. யார் தோளுக்கு மாறுகிறது என்பதே கேள்வி.

அப்பொழுது இத்தீவின் சட்டங்கள் கல்கத்தாவிலிருந்து வந்தன. நீரிணைக் குடியேற்றங்களின் வணிகர்கள் நாணயம், துறைமுகக் கட்டணம் முதலியவற்றில் கல்கத்தாவின் போக்கை எதிர்த்து மனுக்கள் எழுதினர். 1867 ஏப்ரல் 1-இல் நிருவாகம் இந்திய அரசின் பிடியிலிருந்து விலகி இலண்டனின் குடியேற்ற அலுவலகத்தின் கீழ்ச் சென்றது. மனு எழுதியவர்கள் செல்வம் படைத்த வணிகர்கள். சுமை தூக்கியவர்களிடம் எவரும் கையொப்பம் கேட்கவில்லை.

விடுதலைக்குப் பின்னும் அப்பாடம் தொடர்ந்தது. 1969-இல் பினாங்கு தன் சுங்க விலக்குத் தகுதியை இழந்தது. அதற்கான முடிவு கோலாலம்பூரில் எடுக்கப்பட்டது. வேலையின்மையை இத்தீவு சுமந்தது. 1971-இல் நாடாளுமன்றம் தடையற்ற வணிக மண்டலச் சட்டத்தை இயற்றியது. மறு ஆண்டு பாயான் லெப்பாசில் அத்தகைய மண்டலம் உருவாகி, தொழிற்சாலைகள் எழுந்தன. ஒரு சட்டம் ஊரின் வாழ்வைச் சாய்த்தது, மற்றொன்று நிமிர்த்தியது. சட்டம் நமக்கு எட்டாத பொருள் என்று எண்ணுவோர் இவ்விரு ஆண்டுகளையும் நினைவில் கொள்ளல் நன்று.

வாக்கு வந்ததும் போனதும்

இனி மாநகர் மன்றத்துக்கு வருவோம். 1857-லேயே ஜார்ஜ் டவுனில் நகராட்சி ஆணையர்களுள் சிலரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை வரி செலுத்துவோருக்குக் கிடைத்தது. அது குறுகிய உரிமை. குறிப்பிட்ட அளவு வரி கட்டியவர்க்கே உரியது. 1913-இல் அதுவும் நீக்கப்பட்டது. அடுத்த 38 ஆண்டுகள் நியமன ஆட்சி.

1951 டிசம்பர் 1-ஆம் நாள் ஜார்ஜ் டவுன் மீண்டும் வாக்களித்தது. 15 இடங்களுள் 9 இடங்களுக்கு நடந்த அத்தேர்தல், மலாயா கூட்டரசில் நடந்த முதல் தேர்தல். சட்டமன்றத்துக்கும் நாடாளுமன்றத்துக்கும் வாக்களிக்கும் முன்பே, தெருவிளக்கையும் சாக்கடையையும் பொறுப்பேற்று நடத்தும் மன்றத்துக்கு நம் முன்னோர் வாக்களித்தனர். நாட்டின் மக்களாட்சி இந்தச் சிறு பள்ளியில்தான் அரிச்சுவடி படித்தது. சில ஆண்டுகளில் எல்லா இடங்களும் தேர்தல் மூலமே நிரப்பப்பட்டன. 1957 ஜனவரி 1-இல், நாடு விடுதலை பெறுவதற்கு எட்டு மாதங்களுக்கு முன், அரச பட்டயத்தால் ஜார்ஜ் டவுன் மாநகரமாயிற்று.

அம்மாநகரின் முதல் மேயர், தொழிற்கட்சியைச் சேர்ந்த டி. எஸ். இராமநாதன். 1957 முதல் 1961 வரை அவர் அப்பொறுப்பில் இருந்தார். சீனர்கள் பெரும்பான்மையாக வாழ்ந்த நகரம் அது. அந்நகரம் தேர்ந்தெடுத்த மன்றம் இந்திய வம்சாவளியினர் ஒருவரைத் தலைமையில் அமர்த்தியது. இன்று அவர் பெயர் ஒரு சாலைக்கு உண்டு; அச்சாலையில் நாள்தோறும் செல்லும் மாணவர் பலருக்கு அவர் யார் என்பது தெரியாது. ஆசிரியர்கள் தெரியச் செய்யலாம்.

1965 மார்ச்சு மாதம், இந்தோனேசியாவுடனான மோதல் நடந்துகொண்டிருந்த வேளையில், ஊராட்சித் தேர்தல்கள் தற்காலிகமாக நிறுத்தப்பட்டன. அவசரகால விதிகளே அதற்கு அடிப்படை. மோதல் 1966 ஆகஸ்டில் முடிவுற்றது. தேர்தல் திரும்பவில்லை. அதே 1966-இல் ஜார்ஜ் டவுன் மாநகர் மன்றத்தின் அதிகாரங்களை, முறைகேடுக் குற்றச்சாட்டுகளைக் காரணம் காட்டி, மாநில அரசு எடுத்துக்கொண்டது. மாநகர் மன்றத்தில் இருந்தது சோசலிஸ்ட் முன்னணி; மாநிலத்தையும் நாட்டையும் ஆண்டது கூட்டணிக் கட்சி என்பதையும் வரலாற்று மாணவர் சேர்த்தே படிக்க வேண்டும்.

மேற்கு மலேசியாவின் ஊராட்சி மன்றங்களை ஆராய, 1965-இல் அரச விசாரணை ஆணையம் ஒன்று அமைக்கப்பட்டது. அதன் தலைவர் செனட்டர் ஆதி நாகப்பன். ஆளும் கூட்டணியைச் சேர்ந்த மலேசிய இந்தியர் காங்கிரசின் தலைவர்களுள் ஒருவர் அவர். குறைகள் பல இருந்தாலும் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றமே நியமன மன்றத்தினும் மேலானது என்னும் முடிவுக்கு அவ்வாணையம் வந்தது. தேர்தல் தொடர வேண்டும் என்று 1968 இறுதியில் அளித்த அறிக்கையில் பரிந்துரைத்தது. ஆட்சியில் இருந்தோர் கேட்க விரும்பியதை எழுதாமல், சான்றுகள் காட்டியதை எழுதிய அந்த நேர்மையை நாம் போற்றக் கடமைப்பட்டுள்ளோம். அரசு அப்பரிந்துரையை ஏற்கவில்லை. 1973-இல் ஓர் இடைக்காலச் சட்டம், 1976-இல் நிலையான சட்டம். அதன் 15-ஆம் பிரிவு, ஊராட்சித் தேர்தல் பற்றிய எழுத்துச் சட்டங்கள் எல்லாம் செயலற்றவை என்று ஒரே மூச்சில் கூறி முடித்தது. தற்காலிகம் நிலைபெற்றது.

உரிமைகள் பெரும்பாலும் இவ்வாறே மறைகின்றன. பறையறைந்து பறிக்கப்படும் உரிமைக்காக மக்கள் திரள்வர். ‘சில காலம் பொறுங்கள்’ என்று வாங்கி வைக்கப்படும் உரிமையை மறந்துவிடுவர். ஒரு தலைமுறை கடந்தால் அப்படியொன்று இருந்ததே தெரியாமல் போகும்.

கணக்குக் காட்டுதல்

ஊராட்சி என்பது மேலைநாட்டார் தந்த புதுமை என்று எண்ணுவோர்க்கு நம் மொழியிலேயே ஒரு சான்று உண்டு. காஞ்சிபுரத்துக்கு அருகே உத்திரமேரூரில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில், ஏறத்தாழ 920-ஆம் ஆண்டளவில் வெட்டப்பட்ட கல்வெட்டுகள், ஊரை 30 குடும்புகளாகப் பிரித்து, ஓலையில் பெயர் எழுதிக் குடத்திலிட்டு வாரிய உறுப்பினரைத் தெரிந்தெடுத்த முறையை விளக்குகின்றன. அகவை 35-க்கு மேல், 70-க்குக் கீழ் இருத்தல் வேண்டும். வரி செலுத்தும் நிலமும் சொந்த மனையில் வீடும் உடைமை வேண்டும். முன்னர் வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மட்டுமன்றி, அவருடைய நெருங்கிய உறவினரும் தகுதியிழப்பர்.

அதை இன்றைய மக்களாட்சியோடு சமமாக வைத்தல் பொருந்தாது. அது அந்தணர் சபை. உழுதவரும் பெண்களும் அதில் இடம்பெறவில்லை. பெயர்களைத் தீர்மானித்தது குடவோலையின் நற்பேறே. எனினும் இரண்டு கருத்துகள் அக்கல்லில் தெளிவாக நிற்கின்றன. ஊர்ப் பணத்தைக் கையாள்பவர் ஊருக்குக் கணக்குக் காட்ட வேண்டும். காட்டாதவர் மீண்டும் அமரக்கூடாது. தேர்தலின் உயிர் இந்த இரண்டாவது கருத்தில் இருக்கிறது. நியமிக்கப்பட்டவர் தம்மை நியமித்தவர்க்குக் கணக்குக் காட்டுவார். அவர் நல்லவராக இருக்கலாம், திறமையாளராகவும் இருக்கலாம். ஆனால் வரி கட்டியவருக்கு அவரை விலக்கும் வழி இல்லை.

சட்டமன்றம் முயன்றதும் நீதிமன்றம் கூறியதும்

2008-இல் மாநில ஆட்சி மாறிய பின், தேர்தல் இல்லாத குறையை ஓரளவு ஈடுசெய்யத் தன்னார்வ அமைப்புகளின் பிரதிநிதிகளும் மன்ற உறுப்பினர்களாக நியமிக்கப்பட்டனர். அடுத்த படியாக, 2012-இல் பினாங்குச் சட்டமன்றம் ஊராட்சித் தேர்தலுக்கென ஒரு மாநிலச் சட்டத்தை இயற்றியது. அரசியலமைப்பின் ஒன்பதாம் அட்டவணையில், மாநிலப் பட்டியலில், ஊராட்சித் தேர்தல் வெளிப்படையாகவே இடம்பெற்றுள்ளது. எனவே அது மாநிலத்தின் உரிமை என்பது சட்டமன்றத்தின் நிலை.

வழக்குக் கூட்டரசு நீதிமன்றத்துக்குச் சென்றது. மாநில அரசுடன் இணைந்து அலிரான் இயக்கத்தின் முன்னாள் தலைவர் பி. இராமகிருஷ்ணனும் மனுதாரராக நின்றார். 2014 ஆகஸ்டில் நீதிமன்றம் மனுவைத் தள்ளுபடி செய்தது. ஊராட்சியில் நாடு முழுதும் ஒரே சீரான சட்டம் இருக்கும்பொருட்டு நாடாளுமன்றம் சட்டமியற்ற அரசியலமைப்பின் 76-ஆம் பிரிவு இடந்தருகிறது. அவ்வாறு இயற்றப்பட்ட கூட்டரசுச் சட்டத்துக்கு முரணான மாநிலச் சட்டம் செல்லாது. இதுவே அத்தீர்ப்பின் சாரம்.

தோல்வி என்று இதை மூடிவைத்தல் தகாது. தீர்ப்பு ஒன்றைத் தெளிவாக்கியது: சாவி லைட் தெருவில் இல்லை, நாடாளுமன்றத்தில் இருக்கிறது. 15-ஆம் பிரிவு ஒரு சாதாரணச் சட்டத்தின் பகுதி. ஊராட்சிக்கான தேசிய மன்றத்தைக் கலந்து, நாடாளுமன்றம் எளிய பெரும்பான்மையால் அதைத் திருத்தலாம். மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு தேவையில்லை.

தேர்தல் வேண்டாம் என்பாரின் கருத்துகளையும் நாம் மதித்துக் கேட்க வேண்டும். தேர்தலுக்குச் செலவாகும் என்கின்றனர். உண்மைதான், கணக்குக் கேட்க ஆளில்லாத மன்றத்துக்கும் செலவு உண்டு. நகரங்களில் இனப்பிளவு கூடும் என்கின்றனர். இந்த அச்சம் சிறியதன்று. நம் நாட்டின் வரலாறு அதற்குக் காரணம் தந்திருக்கிறது. இராமநாதன் மேயரானது அதற்கு முழு விடையாகாது என்றாலும், அண்டை வீட்டார் எந்த இனத்தவராயினும் வெள்ளம் அவர்கள் வீட்டுக்குள்ளும் புகும் என்பதை ஊராட்சி வாக்காளர் அறிவர் என்பதற்கு அது ஒரு சான்று. நாடாளுமன்ற மேடையில் இனம் பேசலாம். அடைபட்ட வடிகாலைப் பற்றிப் பேசும்பொழுது அந்தப் பேச்சு நெடுநேரம் நிற்காது.

மக்கள் செய்த மாற்றங்கள்

சட்டத்தை மக்களால் மாற்ற முடியுமா என்று மாணவர் கேட்கக்கூடும். இரண்டு சான்றுகள் தருகிறேன்.

முதலாவது, பினாங்கு மலை. 1990-இல் அம்மலையில் பெரும் உல்லாச வளர்ச்சித் திட்டம் ஒன்று முன்மொழியப்பட்டது. குடிமக்கள் ‘பினாங்கு மலையின் நண்பர்கள்’ என்று கூடினர், கையொப்பங்கள் திரட்டினர். அத்துடன் நில்லாது, சுற்றுச்சூழல் பாதிப்பு மதிப்பீட்டு அறிக்கையை எடுத்து வரிவரியாகப் படித்து மறுத்தனர். அத்தகைய மதிப்பீட்டைக் கட்டாயமாக்கிய ஆணை 1988-இல்தான் நடைமுறைக்கு வந்திருந்தது. புதிதாகத் திறந்த கதவை அவர்கள் உடனே பயன்படுத்தினர். திட்டம் கைவிடப்பட்டது. கோபம் அவர்களை ஒன்றுகூட்டியது. வாசிப்பு அவர்களை வெற்றிபெறச் செய்தது.

இரண்டாவது, மாணவர்களாகிய உங்கள் வாக்கு. வாக்களிக்கும் வயதை 21-இலிருந்து 18-ஆகக் குறைக்க வேண்டும் என்று 2016-இல் மாணவர் சிலர் ‘உண்டி 18’ என்னும் இயக்கத்தைத் தொடங்கினர். ‘உண்டி’ என்னும் மலாய்ச் சொல்லுக்கு வாக்கு என்பது பொருள். இதற்கு அரசியலமைப்பையே திருத்த வேண்டும். மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 148 வாக்குகள் தேவை. இரு தரப்பு உறுப்பினரையும் அவர்கள் சந்தித்து வாதாடினர். 2019 ஜூலை 16-இல் மக்களவையில் 211 பேர் ஆதரித்தனர்; எதிர்த்தவர் எவருமில்லை. நடைமுறைப்படுத்தல் தாமதமானபொழுது இளைஞர்கள் நீதிமன்றம் சென்றனர். கூச்சிங் உயர் நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. 2021 டிசம்பர் 15-இல் திருத்தம் நடைமுறைக்கு வந்தது. தானாகவே வாக்காளர் பதிவு நிகழும் முறையும் உடன் வந்தது. 2022 நவம்பரில் நடந்த பொதுத் தேர்தலின் வாக்காளர் பட்டியலில் 2 கோடியே 10 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் இடம்பெற்றனர்.

இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். உயரமான தடை, மூன்றில் இரண்டு பங்கு பெரும்பான்மை. அதை மாணவர்கள் மூன்றே ஆண்டுகளில் தாண்டினர். தாழ்வான தடை, 15-ஆம் பிரிவு. அது நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக அப்படியே நிற்கிறது. தடையின் உயரம் இதற்குக் காரணமாகாது. முதலாவது தம் உரிமை என்பதை மாணவர் அறிந்திருந்தனர். இரண்டாவது தம் உரிமை என்பதைப் பெரும்பாலோர் அறியார்.

இன்று திறந்திருக்கும் வாயில்கள்

தேர்தல் வரும்வரை கைகட்டியிருக்க வேண்டியதில்லை. ஊராட்சிச் சட்டத்தின் 23-ஆம் பிரிவின்படி, மன்றம் அக்கூட்டத்திலேயே வேறுவகையாகத் தீர்மானித்தாலன்றி, அதன் கூட்டங்கள் பொதுமக்களுக்கும் பத்திரிகையாளருக்கும் திறந்தவை. குழுக்கூட்டங்களுக்கு மட்டும் அது பொருந்தாது. மன்றம் இயற்றும் துணைச்சட்டங்கள் மாநில அரசின் உறுதிப்பாட்டைப் பெற வேண்டியவை. எனவே நாம் வாக்களித்து அனுப்பிய சட்டமன்ற உறுப்பினரிடம் அவை பற்றிக் கேட்கும் உரிமை நமக்குண்டு. பினாங்கில் தகவல் உரிமைக்கான மாநிலச் சட்டமும் 2015 முதல் நடைமுறையில் உள்ளது. மதிப்பீட்டை ஆட்சேபிக்கும் வழியை முன்னரே கூறினேன்.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். குடியியல் பாடத்தில் மக்களவையின் மூன்று வாசிப்புகளை மனப்பாடம் செய்விக்கிறோம், அது தேவையே. அத்துடன், வீட்டுக்கு வரும் மதிப்பீட்டு வரி அறிக்கை ஒன்றை, பெயரையும் முகவரியையும் மறைத்து, வகுப்பறைக்குக் கொண்டுவாருங்கள். மூன்று வினாக்களை எழுப்புங்கள். இத்தொகையைக் கேட்கும் அதிகாரம் எந்தச் சட்டத்திலிருந்து வந்தது? அச்சட்டத்தை இயற்றிய அவையில் என் சார்பில் யார் இருந்தார்? பணம் செலவான விதத்தை நான் யாரிடம் கேட்கலாம்? முதல் இரண்டுக்கும் மாணவர் எளிதில் விடை காண்பர். மூன்றாவது வினாவில் தயங்குவர். அந்தத் தயக்கத்திலிருந்து குடிமைக் கல்வி தொடங்கட்டும்.

மாணவர்களுக்கும் ஒரு சொல். பதினெட்டு வயதில் உங்கள் கைக்கு இரண்டு வாக்குச்சீட்டுகள் வரும்: ஒன்று நாடாளுமன்றத்துக்கு, மற்றொன்று சட்டமன்றத்துக்கு. மூன்றாவது சீட்டு உங்கள் பாட்டன் பாட்டியர் காலத்தில் இருந்தது. அதைக் கேட்பது புதிதாக ஒன்றைக் கேட்பதாகாது. இரவல் கொடுத்த பொருளைத் திரும்பக் கேட்பதாகும். கேட்பதற்குச் சட்டத்தின் மொழி வேண்டும், நிதானம் வேண்டும், இன வேறுபாடின்றித் தெருவாரோடு சேர்ந்து நிற்கும் பழக்கமும் வேண்டும். மனுவைத் தமிழில் சிந்தித்து மலாயில் எழுதலாம், ஆங்கிலத்திலும் எழுதலாம். தெளிவாகச் சிந்திக்கக் கற்றவர் எம்மொழியிலும் தெளிவாகக் கேட்பர். அவ்வாறு சிந்திக்கக் கற்பிப்பதை இத்தகைய மன்றங்கள் தம் பணியாகக் கொள்கின்றன. ஆகவேதான் இப்பொருளை இம்மேடைக்குக் கொண்டுவந்தேன்.